இரண்டு ஆளுநர்கள், ஒரு தோட்டா

1899-இல் கென்டக்கி மாநிலம் ஓர் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கப் புறப்பட்டது. எண்ணுகிறவர்களை நம்ப முடியாமல் போனதால், அது உள்நாட்டுப் போரின் விளிம்புவரை போய் நின்றது.

1900 பிப்ரவரியின் முதல் நாட்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில் இரண்டு பேர் 'நானே ஆளுநர்' என்றார்கள். ஒருவர் வில்லியம் டெய்லர், குடியரசுக் கட்சி. அரசு அலுவலகக் கட்டடத்துக்குள், மாநிலப் படையின் துப்பாக்கிக் காவலில் இருந்தார். இன்னொருவர் வில்லியம் கோபெல், ஜனநாயகக் கட்சி. மார்பில் குண்டு பாய்ந்து, கேப்பிட்டல் ஹோட்டலின் அறையொன்றில் மரணப் படுக்கையில் கிடந்தார்.

'சட்டமன்றம் இந்த ஊரில் கூடக் கூடாது, லண்டன் என்ற மலையோர ஊருக்குப் போகட்டும்' என்று முதலாமவர் ஆணையிட்டார். 'சட்டமன்றம் இங்கேயே கூடட்டும், படைகள் கலைந்து வீட்டுக்குப் போகட்டும்' என்று இரண்டாமவர் ஆணையிட்டார். எந்த ஆணைக்குக் கீழ்ப்படிவது? அதிகாரிகள், படைவீரர்கள், நீதிபதிகள் என்று ஒவ்வொருவரும் தன் கட்சியைக் கேட்டே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அமெரிக்க மாநில ஆளுநர் மேலிடத்திலிருந்து நியமிக்கப்படுபவர் அல்ல. மக்களே நேராக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில நிர்வாகம் முழுவதும் அவர் கையில். அப்படிப்பட்ட பதவிக்கு நடந்த தேர்தலில் 4 லட்சம் பேர் அமைதியாக வரிசையில் நின்று வாக்களித்த பிறகு, அந்த மாநிலத்துக்கு ஏன் இந்தக் கதி வந்தது? விடை வாக்களித்தவர்களிடம் இல்லை. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே நிறைவேறிய ஒரு சட்டத்தில் இருக்கிறது.

ரயில் கம்பெனியை எதிர்த்தவர்

கோபெல் 1856-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். தந்தை மரச்சாமான் செய்யும் தச்சர். ஒகையோ ஆற்றின் தென்கரையில், சின்சினாட்டி நகருக்கு எதிரே உள்ள கவிங்டனில் வளர்ந்தார். சட்டம் படித்து, முன்னாள் ஆளுநர் ஜான் ஸ்டீவன்சனிடம் தொழில் பழகினார். 1887-இல் மாநில மேலவைக்குள் நுழைந்தார்.

அவர் கூட்டத்தோடு கலந்து பழகுகிறவர் அல்ல. தோளில் கை போட்டுப் பேசத் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நெருங்கிய நண்பர்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஆனாலும் விவசாயிகளும் தொழிலாளர்களும் அவர் பின்னால் திரண்டார்கள். காரணம், அவர் பகைத்துக்கொண்ட எதிரி யார் என்பது.

அந்த எதிரி, லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வே கம்பெனி. கென்டக்கியில் விளைந்த புகையிலையும் வெட்டிய நிலக்கரியும் சந்தைக்குப் போக அதன் தண்டவாளத்தையே நம்பியிருந்தன. சரக்குக் கட்டணத்தில் அது வைத்ததே விலை. அதன் இயக்குநர் குழுத் தலைவர் ஆகஸ்ட் பெல்மான்ட், நியூயார்க்கின் பெரும் பணக்காரர். கம்பெனிக்காகச் சட்டமன்றத்தில் ஆள் பிடித்தவர் பேசில் டியூக், உள்நாட்டுப் போரில் தென்னகப் படையின் தளபதியாக இருந்தவர். ரயில் கட்டணத்தைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்தையே ஒழித்துக்கட்ட 1880-களின் இறுதியில் முயற்சி நடந்தபோது, அதை முறியடித்தவர்களில் கோபெல் முக்கியமானவர். 1890-91இல் மாநிலத்துக்குப் புதிய அரசியல் சாசனம் எழுதப்பட்டபோது, அந்த ஆணையத்தை யாரும் எளிதில் கலைத்துவிட முடியாதபடி சாசனத்துக்குள்ளேயே சேர்க்கப் பாடுபட்டார்.

சொந்த ஊரில் அவர் கண் வைத்தது தனியார் சாலைகள் மீது. ஊரைச் சுற்றியிருந்த சாலைகளில் தனியார் சுங்கம் வசூலித்தார்கள். அந்தச் சுங்கத்தை ஒழிக்க அவர் போராடினார். அதனால் நட்டமடைந்தவர்களில் ஒருவர் ஜான் சான்ஃபோர்ட் என்ற வங்கியாளர். கோபெலின் கட்சிக்குள்ளேயே செல்வாக்கானவர். பகை முற்றியது. அவரைக் கொச்சையாக இழிவுபடுத்தும் கட்டுரை ஒன்றைக் கோபெல் ஒரு செய்தித்தாளில் எழுதினார். 1895 ஏப்ரல் 11 அன்று கவிங்டனில் ஒரு வங்கி வாசலில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். இரண்டு துப்பாக்கிகள் ஏறக்குறைய ஒரே நொடியில் வெடித்தன. கோபெலின் உடையைத் துளைத்துக்கொண்டு போனது ஒரு குண்டு. சான்ஃபோர்டின் தலையில் பாய்ந்தது மற்றது; சில மணி நேரத்தில் அவர் இறந்தார். யார் முதலில் சுட்டது என்று அருகில் நின்ற சாட்சிகளாலேயே சொல்ல முடியவில்லை. தற்காப்புக்காகச் சுட்டேன் என்ற கோபெலின் வாதம் ஏற்கப்பட்டது. ஆனால் அந்த ரத்தக்கறை கடைசிவரை அவரோடு வந்தது. 'நான் எவரோடும் கொலைக்கருவி ஏந்தி ஒற்றைக்கு ஒற்றை சண்டை போட்டதில்லை' என்று பதவியேற்கும்போது சத்தியம் செய்யச் சொல்லும் சாசனம் கொண்ட மாநிலம் அது.

சில நூறு வாக்குகள் கிளப்பிய பயம்

உள்நாட்டுப் போர் முடிந்ததிலிருந்து கென்டக்கி, ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 1895-இல் அந்தக் கோட்டையில் முதல் விரிசல் விழுந்தது. வில்லியம் பிராட்லி, குடியரசுக் கட்சியின் முதல் ஆளுநராக வென்றார். அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் அதே கட்சியின் மெக்கின்லி 300-க்கும் குறைந்த வாக்குகள் வித்தியாசத்தில் மாநிலத்தைக் கைப்பற்றினார். கிழக்கு மலைப்பகுதியின் ஏழை வெள்ளையர்களும், மாநிலமெங்கிலும் உள்ள கறுப்பின வாக்காளர்களும் குடியரசுக் கட்சியின் பலம். தெற்கின் பல மாநிலங்கள் கறுப்பின மக்களின் வாக்கைப் பறித்துக்கொண்டிருந்த காலத்திலும், கென்டக்கியில் அவர்கள் தொடர்ந்து வாக்களித்தார்கள். இனி ஒவ்வொரு தேர்தலும் ஊசிமுனையில்தான் தீரும் என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ரகசிய வாக்கெடுப்பு நடத்துவதிலும் அந்த மாநிலத்துக்குப் பழக்கம் குறைவு. 1890-களின் தொடக்கம்வரை, யாருக்கு வாக்கு என்பதை எல்லார் காதிலும் விழும்படி வாய்விட்டுச் சொல்கிற முறைதான் அங்கே இருந்தது. ரகசிய வாக்குச்சீட்டு வந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. எண்ணிக்கையில் நடக்கும் தில்லுமுல்லு பற்றி இரண்டு கட்சியும் மாறி மாறிப் புகார் சொல்லின. சீர்திருத்தம் தேவைப்பட்டது உண்மை. கோபெல் கொண்டுவந்தது என்ன?

1898-இல் நிறைவேறிய 'கோபெல் தேர்தல் சட்டம்' இப்படிச் சொன்னது: மாநிலத்துக்கு மூன்று தேர்தல் ஆணையர்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பது சட்டமன்றம். அந்த மூவர் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆணையர்களை நியமிப்பார்கள். மாவட்ட ஆணையர்கள் ஒவ்வொரு வாக்குச்சாவடி அலுவலரையும் நியமிப்பார்கள். சட்டமன்றத்தில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு. அதன் மேலவைத் தலைவர் கோபெல். ஆகவே மேலிருந்து கீழ்வரை, வாக்கை எண்ணும் ஒவ்வொரு விரலும் ஒரே கட்சியின் கைக்கு வந்தது. ஆட்டக்காரரே நடுவரையும் நியமிக்கும் ஏற்பாடு இது. பிராட்லி சட்டத்தை நிராகரித்தார். கென்டக்கியில் ஆளுநரின் நிராகரிப்பைத் தாண்ட இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதும். சட்டம் நிறைவேறியது. கோபெலின் சொந்தக் கட்சிக்காரர்கள் பலரே இதைக் கண்டு முகம் சுளித்தார்கள். ஏனென்றால் அடுத்த ஆண்டு ஆளுநர் பதவிக்கு அவர் நிற்கப்போவது ஊரறிந்த செய்தி.

லூயிவில் மண்டபத்தில்

வேட்பாளரைத் தேர்வு செய்ய 1899 ஜூனில் ஜனநாயகக் கட்சி மாநாடு லூயிவில் நகரின் மியூசிக் ஹால் மண்டபத்தில் கூடியது. போட்டியில் மூவர். ரயில் கம்பெனியின் ஆதரவு பெற்ற வாட் ஹார்டின், வில்லியம் ஸ்டோன், கோபெல். முன்னணியில் இருந்த ஹார்டினை வீழ்த்தக் கோபெலும் ஸ்டோனும் கைகோத்தார்கள். மாநாட்டுத் தலைவர் பதவி அவர்களுடைய ஆளுக்குப் போனது. ஹார்டின் வெறுத்துப்போய் விலகினார். கோபெல் இப்போது தனக்கு விட்டுக்கொடுப்பார் என்று ஸ்டோன் நம்பினார். கோபெல் விட்டுக்கொடுக்கவில்லை. ஹார்டின் மறுபடி களமிறங்கினார். கூச்சல், ஊதுகுழல் சத்தம், நாற்காலி மேல் ஏறி நின்று பாட்டு என்று நாட்கணக்கில் மண்டபம் அமளிப்பட்டது. சுற்றுக்குமேல் சுற்றாக வாக்கெடுப்பு நடந்து, ஸ்டோன் கழித்துக்கட்டப்பட்டு, 26-ஆவது சுற்றில் கோபெல் வேட்பாளரானார்.

வாக்குத் தவறினார் என்ற பழி அன்று அவர்மேல் ஒட்டியது. அதிருப்தியாளர்கள் 'நேர்மையான தேர்தல்' என்ற பெயரோடு பிரிந்து, முன்னாள் ஆளுநர் ஜான் யங் பிரவுனை நிறுத்தினார்கள். குடியரசுக் கட்சி, மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த டெய்லரை நிறுத்தியது. ரயில் கம்பெனி மக்களுக்கு வேலைக்காரனா, எஜமானனா என்பதே இந்தத் தேர்தலின் கேள்வி என்று கோபெல் மேடைதோறும் பேசினார். நாடறிந்த பேச்சாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வந்து அவருக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். கம்பெனியின் பணமும் செல்வாக்கும் எதிர்ப்பக்கம் பாய்ந்தன.

நவம்பர் 7 வாக்குப்பதிவு. லூயிவில் நகரில் ஆளுநர் பிராட்லி படையை இறக்கினார். அச்சுறுத்தல் என்றது ஒரு தரப்பு. பாதுகாப்பு என்றது மறுதரப்பு. சில மாவட்டங்களில் வாக்குச்சீட்டின் தாள் மிக மெல்லியதாக, போட்ட குறி மறுபக்கம் தெரியும்படி இருந்தது; அந்தச் சீட்டுகளை ரயில் கம்பெனியே அச்சிட்டுக் கொடுத்தது என்று ஜனநாயகக் கட்சி குற்றம்சாட்டியது. எண்ணி முடித்தபோது டெய்லருக்கு 1,93,714 வாக்குகள், கோபெலுக்கு 1,91,331. வித்தியாசம் 2,383. பிரவுன் பிரித்த வாக்குகள் 12,000-க்கும் மேல்.

நிமிர்ந்து நின்ற இருவர்

இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் நேரம் இதற்குப் பிறகு வருகிறது. முடிவை அறிவிக்க வேண்டியவர்கள் அந்த மூன்று ஆணையர்கள். மூவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கோபெலின் சட்டத்தால் பதவிக்கு வந்தவர்கள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

டிசம்பரில் அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். முன்னாள் தலைமை நீதிபதி வில்லியம் பிரையரும் எல்லிஸும், டெய்லரே வென்றார் என்று எழுதினார்கள். மூன்றாமவர் பாயின்ட்ஸ் மட்டும் மறுத்தார். மாவட்டங்களிலிருந்து வந்த கணக்கைக் கூட்டிச் சொல்வதே எங்கள் வேலை, அந்தக் கணக்குக்குப் பின்னால் போய் விசாரிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்பது இருவரின் நிலை. தங்களை உட்கார வைத்த கட்சியின் தலைவருக்கு எதிராக, சட்டம் தங்களுக்குக் கொடுத்த எல்லைக்குள் நின்றார்கள். கெட்ட நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்ட ஓர் அமைப்பில்கூட, உள்ளே இருக்கும் மனிதர் தன் கடமையைச் செய்தால் அது நேராக வேலை செய்யும் என்பதற்கு அந்த இரண்டு கையெழுத்துகள் சாட்சி. டிசம்பர் 12 அன்று டெய்லர் பதவியேற்றார்.

விவகாரம் அங்கே முடிந்திருக்கலாம். கோபெலும் முதலில் ஒதுங்கிப்போகவே நினைத்தார் என்று சொல்வதுண்டு. கட்சி விடவில்லை. ஆளுநர் தேர்தலில் தகராறு வந்தால் சட்டமன்றமே தீர்க்கும் என்கிறது மாநில சாசனம். மேல்முறையீடு அங்கே போனது. விசாரிக்கும் குழுவுக்குப் பெயர்கள் குலுக்கலில் எடுக்கப்பட்டன. வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் ஜனநாயகக் கட்சியினர். குலுக்கலிலேயே சூது என்று குடியரசுக் கட்சி கொதித்தது. ஜனவரி 25 அன்று கிழக்கு மலைகளிலிருந்து துப்பாக்கியோடு நூற்றுக்கணக்கான ஆட்கள் ரயிலேறி ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்து இறங்கினார்கள். அவர்களைச் சுமந்து வந்தது அதே ரயில் கம்பெனி. பெரும்பாலோர் திரும்பிவிட்டாலும், ஒரு பகுதியினர் தங்கினார்கள்.

ஜனவரி 30, காலை 11 மணியளவில், சுண்ணாம்புக்கல் தூண்கள் நிற்கும் சட்டமன்றக் கட்டடத்தை நோக்கிக் கோபெல் நடந்து வந்தார். கூடவே ஜாக் சின், எஃப் லில்லார்டு என்ற இரண்டு காவலர்கள். பக்கத்திலிருந்த அரசு அலுவலகக் கட்டடத்திலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. கோபெல் மார்பில் அடிபட்டு நடைபாதையில் சரிந்தார்.

டெய்லர் அவசர நிலை அறிவித்தார். ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் சட்டமன்றத்துக்குப் போனார்கள், படை மறித்தது. நகரில் கூடுவதற்கு வேறு இடம் தேடினார்கள், அங்கும் படை. கடைசியில் கேப்பிட்டல் ஹோட்டலில், குடியரசுக் கட்சியினர் எவரும் இல்லாமல் கூடி, டெய்லருக்குப் போன வாக்குகளில் போதுமான அளவைச் செல்லாதவை என்று கழித்து, கோபெலை ஆளுநராக்கினார்கள். ஜனவரி 31 அன்று படுக்கையிலேயே அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்கப்பட்டது. பிப்ரவரி 3 மாலை அவர் இறந்தார். அமெரிக்க வரலாற்றில் பதவியில் இருக்கும்போது கொலையுண்ட ஒரே மாநில ஆளுநர் அவர்தான்.

நீதிமன்றம் நிறுத்திய போர்

துணை ஆளுநராக அறிவிக்கப்பட்டிருந்த பெக்கம் அவருடைய இடத்துக்கு வந்தார்; வயது 30. இப்போது இரண்டு அரசுகள், இரண்டு படைகள். ஒரு கூட்டம் லண்டனில், மறுகூட்டம் லூயிவில்லில். டெய்லர் உதவி கேட்டபோது குடியரசுத் தலைவர் மெக்கின்லி தலையிட மறுத்தார். தன் கட்சிக்காரர் என்பதற்காகக் கூட்டாட்சிப் படையை அனுப்பவில்லை. இரு தரப்புத் தலைவர்கள் லூயிவில்லின் கால்ட் ஹவுஸ் ஹோட்டலில் உட்கார்ந்து சமரச ஒப்பந்தம் எழுதினார்கள். டெய்லர் அதில் கையெழுத்திட மறுத்தார். ஆனால் வழக்கு நீதிமன்றம் போகட்டும் என்பதில் இரு தரப்பும் இணங்கின. அந்த இணக்கம்தான் மாநிலத்தைக் காப்பாற்றியது.

மாநில உயர் நீதிமன்றம், சட்டமன்றத்தின் முடிவே இறுதி என்றது. மே 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், இதில் தலையிடத் தனக்கு அதிகாரமில்லை என்றது. மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஹார்லன். அவரும் கென்டக்கிக்காரர், அதே ஆளுநர் பதவிக்கு இரண்டு முறை நின்று தோற்றவர். டெய்லர் இந்தியானா மாநிலத்துக்குப் போய்விட்டார். கொலை வழக்கில் அவர்மேலும் குற்றச்சாட்டு இருந்ததால் கென்டக்கி அவரைக் கேட்டது, இந்தியானா ஒப்படைக்கவில்லை.

வழக்குகள்? அங்கும் கட்சிதான் உட்கார்ந்திருந்தது. துப்புத் துலக்கவும் வழக்கு நடத்தவும் சட்டமன்றம் 1 லட்சம் டாலர் ஒதுக்கியது. மாநிலச் செயலாளர் கேலப் பவர்ஸ் சதியின் மூளை என்றும், எழுத்தர் ஹென்றி யவுட்ஸி இடையாள் என்றும், மலைநாட்டுக் குடும்பப் பகையில் பெயரெடுத்த ஜேம்ஸ் ஹவர்ட் சுட்டவர் என்றும் அரசுத் தரப்பு சொன்னது. குண்டு வந்தது பவர்ஸின் அலுவலக ஜன்னலிலிருந்து என்றார்கள். அன்று காலை பவர்ஸ் ரயிலில் லூயிவில் போய்க்கொண்டிருந்தார். ஜூரிகளில் கோபெலின் ஆதரவாளர்களே நிறைந்திருந்தார்கள். பவர்ஸ் மூன்று முறை குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார், ஒருமுறை மரண தண்டனையோடு. மூன்றும் மேல்முறையீட்டில் விழுந்தன. நான்காம் விசாரணையில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. 1908-இல் குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவர் பவர்ஸையும் ஹவர்டையும் மன்னித்தார்; மறு ஆண்டு டெய்லரையும். பவர்ஸ் சிறையிலிருந்து வந்து, தேர்தலில் நின்று, 1911 முதல் 1919 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். கோபெலைச் சுட்டது யார் என்பது இன்றுவரை ஐயமின்றி நிறுவப்படவில்லை. எண்ணிக்கையை நம்ப முடியாத மாநிலத்தில் விசாரணையையும் நம்ப முடியாமல் போனதன் விலை அது.

நல்ல நோக்கம் அனுமதிச் சீட்டு அல்ல

கோபெல் எதிர்த்த அநியாயம் உண்மையானது. ஒரு கம்பெனி ஒரு மாநிலத்தின் விவசாயிகளைக் கட்டணத்தால் பிழிந்தது. சட்டமன்றத்தில் ஆள் பிடித்தது. அவர் பக்கம் நின்றவர்கள் ஏமாளிகள் அல்ல. அதேபோல் அவரைச் சுட்டதை நியாயப்படுத்த எந்த வாதத்தாலும் முடியாது. இரண்டையும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ரயில் கம்பெனியை அடக்க, வாக்கு எண்ணும் கையைக் கைப்பற்ற வேண்டியிருந்ததா?

ரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கார்டு மசோதாவை 1898-இல் பிராட்லி நிராகரித்திருந்தார். 1900-இல், கோபெல் இறந்த பிறகு, அது சட்டமானது. அந்தச் சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சிக்கு இரு அவைகளிலும் பெரும்பான்மை இருந்தது. டெய்லரே ஆளுநராக இருந்து நிராகரித்திருந்தாலும், தேர்தல் சட்டத்தை நிறைவேற்றியதுபோல் சாதாரணப் பெரும்பான்மையால் அதையும் நிறைவேற்றியிருக்க முடியும். 2,383 வாக்குகளில் தோற்ற கோபெல், மேலவையில் தன் பழைய நாற்காலியிலிருந்தே தான் கேட்டதைப் பெற்றிருக்கலாம். உயிரோடு இருந்து அதைக் காத்தும் இருக்கலாம்.

அவருடைய தேர்தல் சட்டமோ அவருக்குப் பின் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 1900-இலேயே பெக்கம் சட்டமன்றத்தைச் சிறப்பாகக் கூட்டி அதைத் திருத்தினார். எல்லாரும் வெறுத்த சட்டத்தோடு மக்களிடம் போக முடியாது என்பது கோபெலின் கட்சிக்கே புரிந்திருந்தது. அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் பெக்கம் 4,000-க்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார்; இம்முறை தோற்றவர் துப்பாக்கி தேடவில்லை.

தேர்தல் என்பது வென்றவருக்கு மகுடம் சூட்டும் சடங்கு மட்டும் அல்ல. தோற்றவரை, 'சரி, தோற்றேன்' என்று வீட்டுக்குப் போகச் செய்யும் ஏற்பாடும் அதுவே. அந்தச் சொல் அவர் வாயில் வர வேண்டுமானால், எண்ணியவர் தன் ஆளும் அல்ல, எதிரியின் ஆளும் அல்ல என்ற நம்பிக்கை அவருக்கு இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டு எவ்வளவு நல்ல சட்டம் கொண்டுவந்தாலும், அந்தச் சட்டத்துக்கு மக்கள் கட்டுப்பட வேண்டிய காரணத்தையே நாம் அழித்துவிட்டோம். ஆகவே எண்ணும் அமைப்பில் யார் உட்கார்கிறார், அவரை யார் உட்கார வைக்கிறார் என்ற கேள்வியைக் குடிமக்கள் கேட்க வேண்டிய நேரம், தங்கள் கட்சி தோற்ற பிறகு அல்ல. தங்கள் கட்சி ஆட்சியில் இருந்து, அந்த நியமனங்களைத் தன் கைக்குள் கொண்டுவர ஆசைப்படும்போதுதான். அப்போது சொந்தக் கட்சியைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லத் துணிகிறவர்களால்தான் ஒரு தேர்தல் தேர்தலாக முடிகிறது.